இன்சுலினை வீட்டில் சரியாக அளந்து இழுப்பது எப்படி

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு பாமசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். முதல்தடவை டொக்டர் இன்சுலின் எழுதிய துண்டோடு வருகிறவர்கள் அநேகமாகக் கேட்பது, "வலிக்குமா பிள்ளை?" என்றுதான். இப்போதைய ஊசிகள் மிக மெல்லியவை. நுளம்பு கடித்த அளவுக்குத்தான் தெரியும். குத்துவதற்குக் கை சீக்கிரம் பழகிவிடும். எனக்குக் கவலை எல்லாம் குத்துவதற்கு முந்திய ஒரு நிமிடத்தைப் பற்றித்தான். போத்தலில் இருந்து சிரிஞ்சுக்குள் எத்தனை யூனிட் வந்தது? அதைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தவர் பல வருடம் இன்சுலினோடு சுகமாக இருக்கலாம். பார்க்கத் தெரியாவிட்டால் அதே மருந்து ஆளை விழுத்திவிடும்.

இன்சுலின் ஒரு பெப்டைட், அதாவது சின்னப் புரதம். 51 அமினோ அமிலங்களால் ஆனது. வாயால் விழுங்கினால் பருப்பையும் மீனையும் செமிக்கிற வயிறு அதையும் செமித்துவிடும். அதனால்தான் தோலுக்குக் கீழே ஏற்றுகிறோம். ஏற்றியதைத் திரும்ப எடுக்க வழியில்லை. அளவுகளும் மிகச் சிறியவை. வழக்கமான இன்சுலினில் பத்து யூனிட் என்பது ஒரு மில்லிலீற்றரில் பத்தில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட இரண்டு துளி. அதில் ஒரு துளி கூடினால் டோஸ் ஒன்றரை மடங்காகிவிடும், ஒரு துளி குறைந்தால் பாதியாகிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

போத்தலும் சிரிஞ்சும் சோடி சேருகிறதா?

நாங்கள் கொடுக்கும் இன்சுலின் போத்தல் 10 மில்லிலீற்றர். லேபிளில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 யூனிட் என்று போட்டிருக்கும். இதைத்தான் யூ-100 என்கிறோம். அப்படியானால் முழுப் போத்தலில் 1000 யூனிட் இருக்கிறது. பேனா வடிவில் வரும் இன்சுலின் ஊசிக் கருவிக்குள் (அதைப் பேனா என்றே சொல்வோம்) போடும் சின்னக் குழாயில் 3 மில்லிலீற்றர், அதாவது 300 யூனிட். யூ-100 இன்சுலினுக்கு யூ-100 சிரிஞ்ச்தான் சரி. அந்தச் சிரிஞ்சில் உள்ள எண்கள் யூனிட் எண்கள். டொக்டர் 18 என்றால் 18 வரைக்கும் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். எந்தக் கணக்கும் தேவையில்லை.

சோடி மாறினால்தான் பிரச்சினை. இந்தியாவில் ஒரு மில்லிலீற்றருக்கு 40 யூனிட் உள்ள போத்தல்கள் இன்றைக்கும் பரவலாக விற்கின்றன. அவற்றுக்கென்று யூ-40 சிரிஞ்ச் தனியாக உண்டு. வெள்ளவத்தையில் சென்னைக்குப் போய்வராத குடும்பம் குறைவு. கலியாணச் சாமான் வாங்கப் போகிறவர்கள், கண் ஒப்பரேஷனுக்குப் போகிறவர்கள், கோயில் யாத்திரை போகிறவர்கள் என்று எல்லாரும் வரும்போது அம்மாவுக்கு ஒரு பெட்டி சிரிஞ்சும் வாங்கிவந்துவிடுவார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அந்த யூ-40 சிரிஞ்சில் 20 என்ற கோடு அரை மில்லிலீற்றர். அதுவரை நம்முடைய யூ-100 இன்சுலினை இழுத்தால் உள்ளே போவது 20 யூனிட் அல்ல, 50. இரண்டரை மடங்கு. மறுபக்கமாக, அங்கிருந்து வந்த யூ-40 போத்தலை இங்கே வாங்கிய யூ-100 சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் கிடைப்பது 8 யூனிட்தான். இரத்தத்தில் சீனி ஏன் இறங்கவில்லை என்று வீட்டில் எல்லாரும் குழம்பிக்கொண்டிருப்பார்கள்.

யூ-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யூ-100 சிரிஞ்சுக்குச் செம்மஞ்சள் மூடி என்பது வழக்கம். சிவப்பும் செம்மஞ்சளும் இரவு வெளிச்சத்தில், அதுவும் கண்ணில் புரை உள்ளவருக்கு, ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே மூடியை நம்பாமல் சிரிஞ்சின் குழாயில் அச்சடித்திருப்பதை வாசியுங்கள். வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் பேரப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். போத்தலிலும் சிரிஞ்சிலும் ஒரே எண் இல்லாவிட்டால் அன்றைக்கு இழுக்க வேண்டாம். இரண்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்துப் பாமசிக்கு வாருங்கள்.

இன்னொரு சிரிஞ்ச் இருக்கிறது, அதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். மில்லிலீற்றர் கணக்கில் கோடு போட்ட, ஊசியைக் கழற்றி மாட்டக்கூடிய சாதாரண ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்ச். பார்வைக்கு இன்சுலின் சிரிஞ்ச் மாதிரியே மெல்லியதாக இருக்கும். அதில் 0.1 என்ற இடத்தில்தான் பத்து யூனிட் முடிகிறது. 1 என்று போட்ட இடம்வரை இழுத்துவிட்டால் 100 யூனிட். பத்து மடங்கு. "கடையில் இன்சுலின் சிரிஞ்ச் முடிந்துவிட்டது, இதுவும் அதே அளவுதான்" என்று யார் சொல்லிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கழற்றும் ஊசியின் அடியில் கொஞ்சம் மருந்து தேங்கி நிற்கும் என்பது வேறு. இன்சுலின் சிரிஞ்சில் ஊசி குழாயோடு ஒட்டியே வருவதால் அந்தத் தேக்கம் இல்லை.

சரியான யூ-100 சிரிஞ்சிலேயே மூன்று அளவுகள் உண்டு: 30 யூனிட் பிடிப்பது, 50 யூனிட் பிடிப்பது, 100 யூனிட் பிடிப்பது. எங்கள் பக்கத்து மாடிவீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் மனைவிக்குத் தானே மருந்து இழுப்பார். நல்ல கவனம் உள்ள மனுசன். நெடுநாளாக 50 யூனிட் சிரிஞ்சில் பழகியவருக்கு ஒருநாள் 100 யூனிட் சிரிஞ்ச்தான் கிடைத்தது. மருந்தை இழுத்துவிட்டு, ஏற்றாமல், என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "பிள்ளை, பன்னிரண்டு கோடுதான் இழுத்திருக்கிறேன், ஆனால் பார்க்கக் கூடத் தெரியுது" என்றார். கூடத்தான். 50 யூனிட் சிரிஞ்சில் ஒரு சின்னக் கோடு ஒரு யூனிட். 100 யூனிட் சிரிஞ்சில் அநேகமாக ஒரு சின்னக் கோடு இரண்டு யூனிட். பன்னிரண்டு கோடு என்றால் 24 யூனிட். அவர் கண்ணுக்குச் சந்தேகம் வந்ததும் நிறுத்தினாரே, அதுதான் பெரிய விஷயம்.

ஆகவே கோட்டை எண்ணாதீர்கள். பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணை வாசியுங்கள். புதுப் பெட்டி சிரிஞ்ச் வாங்கும்போதெல்லாம், 10க்கும் 20க்கும் இடையில் எத்தனை இடைவெளி என்று ஒருதடவை பாருங்கள். பத்து என்றால் ஒவ்வொன்றும் ஒரு யூனிட், ஐந்து என்றால் இரண்டு யூனிட். சின்ன டோஸ் எடுப்பவர்கள் சின்னச் சிரிஞ்சையே கேட்டு வாங்குவது நல்லது. 7, 9 போன்ற ஒற்றை எண்களை 100 யூனிட் சிரிஞ்சில் துல்லியமாக இழுக்க முடியாது.

துண்டில் எழுதியிருப்பது

கிளினிக் கொப்பியில் யூனிட் என்பதற்குச் சுருக்கமாக ஆங்கில எழுத்து யூவை மட்டும் போடும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. 4க்குப் பக்கத்தில் அவசரமாக எழுதிய அந்த எழுத்தின் மேல்பக்கம் மூடிவிட்டால் பூச்சியமாகத் தெரியும். 4 யூனிட் 40 ஆகிவிடும். உலகம் முழுக்க நடந்த, உயிரைக்கூடப் பறித்த பிழை இது. எண்ணில் துளி சந்தேகம் இருந்தாலும் டொக்டரிடமோ தாதி மிஸ்ஸிடமோ திரும்பக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். கொழும்பில் நம்மில் பலருக்குக் கிளினிக்கில் விளக்கம் சிங்களத்தில்தான் கிடைக்கிறது. ஊரில் இருந்து பிள்ளைகளோடு வந்து இருக்கும் வயதானவர்கள் பாதி விளங்காமலே தலையாட்டிவிட்டு வருகிறார்கள். விளங்காததைத் தமிழில் எங்களிடம் கேளுங்கள். நான் ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் இப்படி எழுதிக் கொடுப்பேன்: மருந்தின் பெயர், போத்தலின் செறிவு, எந்தச் சிரிஞ்ச், காலையில் எத்தனை யூனிட், இரவில் எத்தனை யூனிட், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னால். காலைக்குப் பெரிய எண்ணும் இரவுக்குச் சின்ன எண்ணும் எழுதியிருக்கும்போது மாற்றிப் போட்டுவிடுவது அடிக்கடி நடப்பது. ஆகவே காலை, இரவு என்பவற்றை இரண்டு நிறத்தில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். டோஸ் மாறிய அன்றே பழைய தாளைக் கிழித்துப்போட வேண்டும். இரண்டு தாள் ஒட்டியிருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இழுக்கும் முறை

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். வெளிச்சமான இடத்தில், மேசையில் உட்கார்ந்து செய்யுங்கள். டிவியை நிறுத்திவிடுங்கள், போன் அடித்தால் எடுக்காதீர்கள்.

போத்தலின் பெயரை வாசியுங்கள். பிரிட்ஜில் இருந்து அப்போதுதான் எடுத்திருந்தால் கொஞ்ச நேரம் வெளியே வையுங்கள். குளிர்ந்த மருந்து ஏறும்போது எரியும். இங்கே பலர் எடுப்பது 30/70 கலவை. வேகமாக வேலை செய்யும் தெளிந்த இன்சுலின் 30 வீதமும், மெதுவாக வேலை செய்யும் பால்நிற இன்சுலின் 70 வீதமும் அதில் கலந்திருக்கின்றன. வைத்திருக்கும்போது வெள்ளை கீழே படியும். அப்படியே இழுத்தால் ஒருநாள் தெளிவான பகுதி கூட வரும், இன்னொரு நாள் அடிப்படிவு கூட வரும். எண் சரியாக இருந்தும் சீனி ஏறி இறங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே போத்தலை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே படுக்கையாக வைத்து மெதுவாக உருட்டுங்கள். பத்து தடவையாவது உருட்டி, தலைகீழாகத் திருப்பித் திருப்பி, முழுவதும் ஒரேமாதிரிப் பால்நிறமாக வரும்வரை. குலுக்கக் கூடாது, குலுக்கினால் நுரைத்து, இழுக்கும்போது குமிழி குமிழியாக வரும். உருட்டிய பிறகும் கட்டி மிதந்தாலோ, சுவரில் உறைபனி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தாலோ அந்தப் போத்தலை எறிந்துவிடுங்கள். தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலும் அப்படித்தான்.

றப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். இனி, 18 யூனிட் தேவை என்று வைத்துக்கொள்வோம். முதலில் சிரிஞ்சில் 18 வரை காற்றை இழுங்கள். போத்தல் மேசையில் நிமிர்ந்து நிற்க, ஊசியை றப்பரில் குத்தி அந்தக் காற்றை உள்ளே தள்ளுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். காற்றை உள்ளே விடாமல் இழுத்துக்கொண்டே வந்தால் போத்தலுக்குள் வெற்றிடம் உண்டாகி, சிரிஞ்சின் தண்டைப் பின்னுக்கு இழுக்க இழுக்க அது திரும்ப உள்ளே ஓடப்பார்க்கும், குமிழியும் வரும்.

இப்போது ஊசியோடு போத்தலைத் தலைகீழாகத் திருப்புங்கள். ஊசிமுனை மருந்துக்குள் மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள். போத்தல் குறையக் குறைய முனை மருந்துக்கு மேலே நின்று காற்றை இழுக்கும். ஊசியைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் சரியாகும். தண்டை மெதுவாக 18ஐத் தாண்டிக் கொஞ்சம் கூடவே இழுங்கள். குழாயை விரலால் தட்டுங்கள். குமிழிகள் ஊசிப்பக்கம் மேலே ஏறும். அவற்றைப் போத்தலுக்குள்ளேயே தள்ளி, சரியாக 18இல் நிறுத்துங்கள்.

குமிழி உடம்புக்குள் போனால் உயிர் போய்விடும் என்று ஒரு பயம் இருக்கிறது. தோலுக்குக் கீழே போடும் ஊசியில் அந்தச் சின்னக் குமிழியால் ஆபத்து இல்லை. பிரச்சினை என்னவென்றால் குமிழி நிற்கும் இடத்தில் மருந்து இல்லை. பத்து யூனிட் டோஸில் இரண்டு யூனிட் அளவுக் குமிழி நின்றால் கிடைப்பது எட்டுத்தான்.

அளவை வாசிக்கும் இடம்தான் இனி. சிரிஞ்சைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்; மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் ஒரு கோடு கூடக்குறையத் தெரியும். தண்டின் நுனியில் உள்ள கறுப்பு றப்பரில் இரண்டு வளையங்கள் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஊசிக்குக் கிட்ட உள்ள வளையத்தின் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் உங்கள் டோஸ். பின்பக்க வளையத்தைப் பார்த்து வாசித்தால் மருந்து குறைந்துவிடும். சில சிரிஞ்சில் றப்பரின் முனை கூம்பாக இருக்கும்; கூம்பின் நுனியை விட்டுவிட்டு, குழாயைத் தொடும் விளிம்பை மட்டும் பாருங்கள். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் கோடுகள் பளிச்சென்று தெரியும். கண் சரியில்லாதவருக்குச் சிரிஞ்சில் மாட்டும் பூதக்கண்ணாடி இருக்கிறது, ஆனால் வீட்டில் இன்னொருவர் பார்த்து, எண்ணை வாய்விட்டுச் சொல்வது அதைவிட நல்லது. "எத்தனை?" என்று கேளுங்கள், "பதினெட்டுச் சரியா?" என்று கேட்காதீர்கள். சரியா என்று கேட்டால் பார்க்காமலே சரி என்று சொல்லிவிடுவார்கள்.

டொக்டர் இரண்டு இன்சுலினைத் தனித்தனிப் போத்தலில் கொடுத்து ஒரே சிரிஞ்சில் கலக்கச் சொல்லியிருந்தால், தெளிந்தது முதலில், பால்நிறம் பிறகு. 8 தெளிந்தது, 16 பால்நிறம் என்று வைத்துக்கொள்வோம். பால்நிறப் போத்தலுக்குள் 16 யூனிட் காற்றை மட்டும் விட்டு ஊசியை எடுங்கள், மருந்தில் முனை படக்கூடாது. அப்புறம் தெளிந்த போத்தலுக்குள் 8 யூனிட் காற்றை விட்டு, 8 யூனிட் இழுங்கள். பிறகு பால்நிறப் போத்தலுக்குப் போய் மொத்தம் 24 வரும்வரை இழுங்கள். 24ஐத் தாண்டிவிட்டால் கூடியதைப் போத்தலுக்குள் திரும்பத் தள்ள வேண்டாம். சிரிஞ்சில் இருப்பது இப்போது இரண்டும் கலந்தது. முழுவதையும் எறிந்துவிட்டுப் புதுச் சிரிஞ்சில் தொடங்குங்கள். மருந்து வீணாகிறதே என்று மனம் கேட்காது, தெரியும். ஆனாலும் எறியுங்கள்.

இந்த "தெளிந்தது முதலில்" என்ற பழைய பாடம் இப்போது இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. கிளார்ஜின் போன்ற நாள் முழுக்க வேலை செய்யும் புதிய இன்சுலின்களும் தண்ணீர் மாதிரித் தெளிவாகத்தான் இருக்கின்றன. அவற்றை எதோடும் கலக்கக் கூடாது. தெளிவாக இருப்பதெல்லாம் சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமான இன்சுலின் என்று நினைத்து மாற்றிப் போட்டால் இரவில் சீனி ஆபத்தாக இறங்கும். நிறத்தைப் பார்க்காமல் பெயரைப் பாருங்கள். சாப்பாட்டுப் போத்தலின் கழுத்தில் ஒரு றப்பர் பாண்ட் போட்டுவையுங்கள். கை தொட்டாலே தெரியும்.

பேனா பாவிப்பவர்களுக்குக் கோடு வாசிக்கும் வேலை இல்லை, எண்ணைத் திருப்பினால் போதும். புது ஊசி மாட்டி, இரண்டு யூனிட் வைத்து, மேல்நோக்கிப் பிடித்து அமத்தித் துளி வருகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். ஏற்றிய பின் பத்து எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள். பால்நிறம் என்றால் பேனாவையும் உருட்ட வேண்டும். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பேனாவில் இருந்து சிரிஞ்சால் மருந்து இழுக்காதீர்கள். கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் பிள்ளைகள் அனுப்பும் பேனாக்களில் ஒரு மில்லிலீற்றருக்கு 200, 300 யூனிட் உள்ளவையும் இருக்கின்றன. அதை யூ-100 சிரிஞ்சில் இழுத்தால் கோடு காட்டுவது ஒன்று, உள்ளே போவது அதன் இரண்டு மூன்று மடங்கு.

தூளாக வரும் பெப்டைட்கள்

இப்போது உடம்பு மெலிவதற்கென்று செமகுளூட்டைட் கேட்டு வருகிற இளம் ஆட்களும் கூடிவிட்டார்கள். அதுவும் பெப்டைட்தான், ஆனால் அளவு மில்லிகிராமில், வாரத்துக்கு ஒருதடவை. கம்பனிப் பேனாவாக, டொக்டர் எழுதிக்கொடுத்து வாங்கினால் 0.25 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். அளப்பதில் சிக்கல் குறைவு. போத்தலாக வருவதுதான் பிரச்சினை. 2024 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: மருந்துக் கடைகளில் தாங்களே கலந்து போத்தலில் கொடுத்த செமகுளூட்டைட்டை இன்சுலின் சிரிஞ்சில் இழுத்தவர்கள், மில்லிகிராமையும் மில்லிலீற்றரையும் யூனிட்டையும் குழப்பி ஐந்து முதல் இருபது மடங்குவரை ஏற்றிக்கொண்டார்கள். சிலரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. அந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே கிட்டத்தட்ட ஒரு வாரம் எடுக்கும். கூடிப்போனால் வாந்தியும் நீரிழப்பும் நாட்கணக்கில் நீடிக்கும்.

தூளாக வரும் போத்தலுக்குக் கணக்கு இதுதான். 5 மில்லிகிராம் தூளில் 1 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டால் யூ-100 சிரிஞ்சில் 10 என்று எண் போட்ட கோட்டில் 0.5 மில்லிகிராம் இருக்கும். அதே தூளில் 2 மில்லிலீற்றர் விட்டால் அதே கோட்டில் 0.25 மில்லிகிராம். அதாவது "பத்து யூனிட் போடு" என்று நண்பர் சொன்னால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. அவருடைய போத்தலில் எவ்வளவு தண்ணீர் விட்டார் என்பது தெரியாமல் உங்கள் டோஸ் தெரியாது. டொக்டர் தூள் மருந்து எழுதினால் எத்தனை மில்லிகிராம், எத்தனை மில்லிலீற்றர், எந்தச் சிரிஞ்சில் எந்தக் கோடு என்ற மூன்றையும் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். இணையத்தில் "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று லேபிள் ஒட்டி விற்கும் தூளைத் தயவுசெய்து தொடாதீர்கள். லேபிளில் உள்ள மில்லிகிராமே உண்மையா என்பது தெரியாதபோது எவ்வளவு கவனமாக அளந்தும் பயனில்லை.

கொழும்பு வெக்கையில் வைப்பது

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ். பிரிட்ஜின் நடுத்தட்டு நல்ல இடம். ஐஸ் கட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஒருதடவை உறைந்த இன்சுலின் உருகிய பின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது. பாவனையில் உள்ள போத்தலை அறை வெப்பத்தில் வைக்கலாம் என்று துண்டறிக்கையில் இருக்கும், ஆனால் அது 25 அல்லது 30 பாகைக்குள். கொழும்பில் மார்ச், ஏப்ரல் மதியத்தில் தகரக்கூரை வீட்டிலும் மேல்மாடி அறையிலும் அது தாண்டிவிடும். ஆகவே பாவனைப் போத்தலையும் பிரிட்ஜிலேயே வைக்கச் சொல்கிறேன். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தபோது எத்தனையோ பேர் இதையே கேட்டு வந்தார்கள். கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காதீர்கள். நெடுநேரம் போனால் ஐஸ் போட்ட பிளாஸ்கில், ஐஸ் நேரே படாமல் துணியில் சுற்றி வையுங்கள். ஈரமண் பானைக்குள் வைக்கும் முறை யாழ்ப்பாணத்து வரண்ட காற்றில் குளிர்ச்சி கொடுக்கும் அளவுக்குக் கொழும்பின் ஈரக்காற்றில் கொடுக்காது.

திறந்த திகதியைப் போத்தலில் பேனாவால் எழுதுங்கள். பெரும்பாலான இன்சுலினுக்குத் திறந்ததில் இருந்து நான்கு வாரம்தான் கணக்கு. சரியான எண் அந்தந்தத் துண்டறிக்கையில் இருக்கும். நாளுக்குப் பத்து யூனிட் மட்டும் எடுப்பவருக்கு 1000 யூனிட் போத்தலில் முக்கால்வாசி மிஞ்சும். அவர்களுக்கு 300 யூனிட் குழாய் பொருத்தமா என்று டொக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். பஸ்ஸிலோ ரயிலிலோ ஊருக்குப் போனால் கைப்பையில், விமானத்தில் போனாலும் கைப்பையில்தான்; கீழே போகும் பெட்டியில் உறைந்துவிடலாம்.

ஏற்றுவதும், அதற்குப் பிறகும்

வயிறு, தொடை, இடுப்பின் பின்பக்கம். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலத்தை விட்டுவிடுங்கள். தோலை மெல்லக் கிள்ளிப் பிடித்து நேராகக் குத்தலாம். மிக மெலிந்தவர்கள் சரிவாக. ஏற்றிப் பத்து எண்ணி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஒரே இடத்தில் வலி குறைவென்று அங்கேயே குத்திக்கொண்டிருந்தால் கொழுப்புக் கட்டி விழும். அந்தக் கட்டிக்குள் போடும் இன்சுலின் ஒருநாள் உறிஞ்சப்படும், ஒருநாள் படாது. நீங்கள் எவ்வளவு கவனமாக 18 இழுத்தும் உடம்புக்கு 18 போகாது. ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் தள்ளிக் குத்துங்கள்.

30/70 கலவையும் சாதாரணத் தெளிந்த இன்சுலினும் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னால். போட்டுவிட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் பிடிக்கும் அம்மாமாரும், நோன்பு பிடிக்கும் நம் முஸ்லிம் சகோதரர்களும் விரதம் தொடங்க முதலே டொக்டரிடம் போய் டோஸை மாற்றி எழுதி வாங்குங்கள். ஒரு டோஸ் தவறிவிட்டால் அடுத்ததில் இரட்டிப்பாகப் போடாதீர்கள். போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தாலும் திரும்பப் போடாமல் சீனியை அளந்து பாருங்கள். போட்டவுடனே நாட்காட்டியில் ஒரு சரி அடையாளம் போடும் பழக்கம் இந்தச் சந்தேகத்தையே இல்லாமல் செய்துவிடும்.

சிரிஞ்ச் ஒருதடவைக்குத்தான், ஒருவருக்குத்தான். பேனாவையும், ஊசியை மாற்றினால்கூட, கணவனும் மனைவியும் பகிரக் கூடாது. பாவித்ததைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில், உடுப்புக் கழுவும் திரவம் வந்த போத்தல் மாதிரியானதில், போட்டு மூடி இறுக்குங்கள். குப்பைப் பையில் வெறுமனே போட்டால் காலையில் அதைத் தூக்குகிறவரின் கையில்தான் குத்தும். நிரம்பிய போத்தலை எங்கே கொடுப்பது என்று உங்கள் கிளினிக்கில் கேளுங்கள்.

கடைசியாக, கூடிப்போனால் என்ன செய்வது. வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, ஆள் தடுமாறிக் கதைப்பது. இவை சீனி இறங்கும் அறிகுறிகள். அளந்து 70க்குக் கீழே (மில்லிகிராம்/டெசிலீற்றர் கணக்கில்) இருந்தால், அளக்க வசதி இல்லாவிட்டாலும், உடனே மூன்று தேக்கரண்டி சீனியை அல்லது குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் திரும்ப அளந்து, இன்னும் குறைவாக இருந்தால் திரும்பக் கொடுங்கள். சரியானதும் சாப்பாடு. ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பிழையாகக் கூட ஏற்றிவிட்டீர்கள் என்று தெரிந்தால் அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம். சாப்பிடக் கொடுத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கலவை இன்சுலின் என்றால் பல மணித்தியாலம் கழித்தும் சீனி திரும்ப இறங்கும். போகும்போது போத்தலையும், இழுத்த அதே சிரிஞ்சையும் கையோடு எடுத்துப் போங்கள். எவ்வளவு உள்ளே போனது என்பதை அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் டொக்டர் கணக்கிட முடியும்.